உஷார்! மகளை இல்லத்தில் விடும் முன் கதவைப் பாருங்கள்

பள்ளி திறக்கும் நேரம் வந்தால் போதும், பேராக், கெடா தோட்டங்களிலிருந்து கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் பெண்பிள்ளைகள் பையும் தலையணையுமாக வந்து இறங்குகிறார்கள். "சாப்பாடு, தங்குற இடம், டியூஷன் எல்லாமே இலவசம். சாமி படம் மாட்டின இடம்க்கா, பயப்படாதீங்க" என்று தெரிந்தவர் யாராவது சொல்லியிருப்பார். அப்பா லாரியில் தெற்கே போய்விடுகிறார், அம்மாவுக்குத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். வயதுக்கு வந்த பிள்ளையைத் தனியே விட மனம் வராமல்தான் இந்த ஆதரவு இல்லங்களுக்கு அனுப்புகிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் இலவசம் என்றதும் கேள்வி கேட்கிற உரிமையையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறோமே, அதுதான் ஆபத்து.

நல்ல இல்லங்கள் இல்லாமல் இல்லை. பூச்சோங் சாலையில் சுவாமி சத்யானந்தா தொடங்கிய சுத்த சமாஜத்தில், 2023-ல் மறையும் வரை அன்னை மங்களம் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். அந்த நற்பெயரின் நிழலில்தான் நேற்று முளைத்த இல்லங்களும் நிற்கின்றன. வெளியில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கிப் பராமரிக்கப்படும் தனியார் இல்லம் எதுவானாலும் 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நலத்துறையில் பதிந்திருக்க வேண்டும். காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதே சட்டம்தான். "விண்ணப்பம் போட்டாச்சும்மா, வந்துடும்" என்றால், வந்த பிறகு பிள்ளையைக் கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

2024 செப்டம்பர் 11 ஞாபகம் இருக்கிறதா? சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் ஜி.ஐ.எஸ்.பி. என்ற இஸ்லாமிய வணிக நிறுவனத்தோடு தொடர்புடைய 20 இல்லங்களில் போலீஸ் புகுந்து 402 பிள்ளைகளை மீட்டது. அவர்களில் 201 பேர் பெண்பிள்ளைகள். பாலியல் கொடுமை நடந்ததாகவும், சமய உணர்வைத் தூண்டிப் பிள்ளைகளைக் காட்டி நன்கொடை திரட்டியதாகவும் போலீஸ் தலைவரே சொன்னார். அது வேறு சமயத்தார் விவகாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சாமி பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிற பழக்கம் நம்மிடமும் தாராளமாகவே இருக்கிறது.

அடுத்தது கதவு. கிள்ளான் தாமான்களில் பல இல்லங்கள் சாதாரண இரண்டு மாடி வரிசை வீடுகள்தாம். மேல் மாடிக்குப் போங்கள். ஜன்னல் முழுக்க இரும்புக் கிரில், கிரில் கதவில் பூட்டு. சாவி எங்கே என்று கேளுங்கள். "வார்டன்கிட்ட" என்பார்கள். வார்டன் எங்கே? "பசாருக்குப் போயிருக்காங்க." இரவு இரண்டு மணிக்கு மின்கசிவு ஏற்பட்டால் இருபது பிள்ளைகள் எந்த வழியாக இறங்கும்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்தது. மாணவர் 21 பேர், வார்டன்கள் 2 பேர், மொத்தம் 23 உயிர். அவர்கள் தூங்கிய மேல் மாடியிலிருந்து இறங்க இரண்டு படிக்கட்டுகள் இருந்திருக்க வேண்டும். பிறகு எழுப்பிய தடுப்புச் சுவர் அவற்றில் ஒன்றை அடைத்துவிட்டது. ஜன்னல்களில் கிரில். தீ வைத்தது யார் என்பது தனி வழக்கு. தப்பிக்க வழியில்லாமல் செய்தது அந்தச் சுவரும் கம்பியும்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தொலைபேசி. பிள்ளையின் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஸ்பீக்கரில் பேச விடுகிற இடங்கள் உண்டு. வார்டன் பக்கத்திலேயே நிற்பார். "சாப்பிட்டியா?" "ம்." "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேம்மா." அந்தப் பதிலை நம்பி நாமும் போனை வைத்துவிடுகிறோம். தனியாகப் பேச விடாத இடத்தில் பிள்ளை இருக்கவே கூடாது. தோட்டத்திலிருந்து கிளம்பும் முன்பே நீங்களும் மகளும் ஒரு ரகசியக் குறிப்பு பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டிக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்று மகள் கேட்டால், உடனே வந்து கூட்டிப் போ என்று அர்த்தம். பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

அரசாங்கப் பள்ளி விடுதிதானே என்றும் அசந்துவிட வேண்டாம். 2015 ஆகஸ்டில் கிளந்தான் குவா மூசாங்கில், போஸ் தோஹோய் பள்ளி விடுதியிலிருந்து ஏழு பூர்வகுடிப் பிள்ளைகள் காட்டுக்குள் ஓடினார்கள். அனுமதியின்றி ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயம்! ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டு சிறுமிகள் மட்டுமே. 2025 ஜூலையில் சபா, பாப்பாரில் விடுதிக் கட்டடத்தருகே மயங்கிக் கிடந்த 13 வயது மாணவி மறுநாள் இறந்தார். பிறகு ஐந்து பதின்ம வயதினர் மீது பகடிவதைக் குற்றச்சாட்டு பதிவானது.

ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்கள் இந்த வாரமே சொல்லாமல் கொள்ளாமல் ஒருமுறை போய் நில்லுங்கள். "முன்கூட்டியே சொல்லிட்டு வரணும்" என்று வாசலிலேயே நிறுத்தினால் பிள்ளையைக் கையோடு அழைத்து வாருங்கள். சந்தேகம் இருந்தால் 15999, தாலியான் காசே, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவசரம் என்றால் 999. பாலியல் தொல்லை என்று தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே 2017-ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி குற்றம். கை வைத்தவர் ஆசிரியரோ வார்டனோ ஆனால் வழக்கமான தண்டனைக்கு மேல் ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. "ஊர் என்ன சொல்லும், பிள்ளை பேர் கெட்டுடும்" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். தடுக்கட்டும், போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டு வந்து அவர்களிடம் பேசிக்கொள்ளலாம்.