முன்செலுத்து மின்னளவியும் நுகர்வோர் பாதுகாப்பும்

ஸ்மார்ட் மீட்டர் எனப்படும் திறன்மிகு மின்னளவிகளுக்கான முதலீடு, மின்னிழப்பைக் குறைக்கும் தொழில்நுட்பச் செலவாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அது நுகர்வோரின் சட்டநிலையையும் மாற்றுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்திய அரசு 2021இல் தொடங்கிய மறுசீரமைக்கப்பட்ட மின் விநியோகத் துறைத் திட்டத்தின் மதிப்பீடு 3,03,758 கோடி ரூபாய். 25 கோடி முன்செலுத்து மின்னளவிகளைப் பொருத்துவது அதன் இலக்குகளுள் ஒன்று. நுகர்வோர் இணைப்புகளுடன் பகிர்மான மின்மாற்றிகளுக்கும் அளவிகள் பொருத்தப்படுகின்றன. ஒரு மின்மாற்றி வழங்கும் மின்சாரத்தை, அதன்கீழுள்ள இணைப்புகளில் பதிவாகும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இழப்பு நேரும் பகுதி புலப்படும். வலையமைப்பு நவீனமயமாதலின் முதன்மைப் பயன் இதுவே. இக்கணக்கீட்டிற்கு முன்பணம் தேவையில்லை. பின்செலுத்து முறையிலும் இவ்வளவிகள் அதே தரவைத் தரும்.

முன்செலுத்து முறையின் பயன் வேறு: கட்டண நிலுவை தவிர்க்கப்படுகிறது. மின்சாரச் சட்டம், 2003இன் 47(5)ஆம் பிரிவு, இம்முறையை ஏற்போரிடம் காப்பு வைப்புத்தொகை கோருவதைத் தடுக்கிறது. 56ஆம் பிரிவோ, கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிக்குமுன் 15 நாள் எழுத்துவழி அறிவிப்பு வேண்டும் என்கிறது. முன்பணம் தீர்ந்ததும் தொலைவிலிருந்தே இணைப்பு துண்டிக்கப்படுமாயின், அந்த அவகாசம் நடைமுறையில் மறைந்துவிடும். நாட்கூலியை நம்பியுள்ள குடும்பங்களுக்கு அது சிறிய இழப்பன்று.

ஆகவே, இழப்புக் கணக்கீட்டையும் முன்பண வசூலையும் தனித்தனியே மதிப்பிடுவதும், துண்டிப்புக்கு முந்தைய அவகாசத்தை விதிகளில் உறுதிசெய்வதும் இன்றியமையாதன.