நாலு நம்பரும் நிகழ்தகவும்

கோலா பிலா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘நாலு நம்பர்’ புதிதல்ல. கனவில் பாம்பு வந்தால் ஓர் எண். சாலையில் மோதிய காரின் பதிவு எண். மரத்தடிச் சாமியிடம் கேட்டு வாங்கிய எண். மாலையில் குலுக்கல் முடிவு வரும்வரை வீடே காத்திருக்கும். இடைநிலைப்பள்ளியின் இரண்டாம் படிவத்திலும் நான்காம் படிவத்திலும் ‘கெபாராங்காலியான்’ என்று மாணவர்கள் படிக்கும் பாடம் இந்த எண்களுக்குள்தான் இருக்கிறது. தமிழில் அதன் பெயர் நிகழ்தகவு.

நிகழ்தகவு என்றால் என்ன? ஒன்று நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை எண்ணால் சொல்வது. நடக்கவே முடியாததற்கு 0. நடந்தே தீருவதற்கு 1. மற்றவை எல்லாம் இவ்விரண்டுக்கும் இடையில் அடங்கும். எல்லா விளைவுகளுக்கும் சம வாய்ப்பு இருந்தால், நமக்கு வேண்டிய விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பகடையில் 5 விழ வாய்ப்பு ஆறில் ஒன்று. இரட்டை எண் விழ ஆறில் மூன்று, அதாவது பாதி.

இனி நாலு நம்பருக்கு வருவோம். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே ஓர் இலக்கம் சரியாக அமையும் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஒன்றையொன்று சாராத நிகழ்வுகள் சேர்ந்து நடக்க, அவற்றின் நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும். பத்தில் ஒன்றை நான்கு முறை பெருக்கினால் 10,000இல் ஒன்று. கனவில் வந்த எண்ணுக்கும் வராத எண்ணுக்கும் இதே வாய்ப்புதான்.

“இந்த நம்பர் ரொம்ப நாளா விழல, இனிமே விழுந்தே ஆகணும்” என்று சொல்பவர்கள் உண்டு. 1913ஆம் ஆண்டு மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சுழல்சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். சக்கரத்திற்கு முன்பு விழுந்தது நினைவில் இருக்காது. குலுக்கலுக்கும் அப்படித்தான்.

பணக்கணக்கையும் பார்க்கலாம். வழக்கமான ‘பிக்’ பந்தயத்தில் 1 ரிங்கிட்டுக்கு முதல் பரிசு 2,500, இரண்டாம் பரிசு 1,000, மூன்றாம் பரிசு 500 ரிங்கிட். சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180; ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. ஒருவரே 10,000 எண்களையும் தலா 1 ரிங்கிட் கட்டி வாங்கினால், போவது 10,000 ரிங்கிட்; திரும்புவது 6,400. அதாவது ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் சராசரியாக 64 சென்தான் திரும்பும். இதற்கு எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர்.

புதன், சனி, ஞாயிறு என வாரம் மூன்று குலுக்கல். ஒவ்வொன்றுக்கும் 10 ரிங்கிட் கட்டும் வீட்டில் ஆண்டுக்கு 1,560 ரிங்கிட் செலவாகும். சராசரிக் கணக்குப்படி அதில் ஏறக்குறைய 562 ரிங்கிட் திரும்பி வராது. பிள்ளையின் டியூஷன் கட்டணம், பள்ளிச் சீருடை, புத்தகப்பை எல்லாம் அந்தப் பணத்திற்குள் அடங்கலாம்.

ஒரே எண்ணை ஒரு குலுக்கலும் விடாமல் எடுத்து வந்தால், முதல் பரிசு சராசரியாக 64 ஆண்டுகளுக்கு ஒருமுறை விழும். அந்த 64 ஆண்டுகளிலும் ஒருமுறைகூட விழாதவர்கள் நூற்றுக்கு 37 பேர் இருப்பார்கள்.

பாடம் படித்த பிள்ளை இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, அடுத்த குலுக்கலுக்கு முன் அப்பாவிடம் காட்டலாம். சண்டை வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் போதும்.