உங்களுக்குத் தெரியுமா? நாய்க்குக் காதுநோய் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

நாயின் காதுக்குழாய் நேராகச் செல்வதில்லை. கீழிறங்கி, பின் உள்நோக்கித் திரும்பி ‘ட’ எழுத்தைப் போல மடங்குகிறது. அந்த மடக்கில் ஈரமும் அழுக்கும் தங்கினால், தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகும். காக்கர் ஸ்பானியல் போன்ற தொங்குகாது இனங்களுக்குத் தொல்லை அதிகம். ஆனால் காதுமடலை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல: அடிக்கடி மீளும் காதுநோய்க்குப் பின்னால் பெரும்பாலும் ஒவ்வாமை இருக்கிறது. உணவோ, வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணியோ அதைத் தூண்டலாம். பாதத்தை ஓயாமல் நக்குவது ஒரு தடயம். ஒவ்வாமையைக் கவனிக்காமல் சொட்டுமருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் நோய் மீளும். நாற்றம் நின்றதுமே மருந்தை நிறுத்தினாலும் அப்படித்தான். கிருமி ஒழிந்ததா என்பது காதழுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுக்கும். பஞ்சுக்குச்சியோ அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும்.