ஆச்சியின் படம் எங்கே இருக்கிறது?

உங்கள் தாயாரைப் பெற்ற ஆச்சியின் முகம் தெளிவாகத் தெரிகிற புகைப்படம் ஒன்று இன்று உங்கள் வீட்டில் உண்டா? உண்டென்றால் அது எங்கே இருக்கிறது? பதில் சொல்லுமுன் எழுந்து போய்த் தேடிப் பாருங்கள்.

மும்பையில் எனக்குப் பழக்கமான சில வீடுகளில் இதே கேள்வியைக் கேட்டேன். ஒரு சகோதரி, "பரணில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும், எடுத்து வருஷக்கணக்காகிறது" என்றார். இன்னொருவர், "ஊரில் பெரியண்ணன் வீட்டில் இருந்தது, வீட்டை இடித்துக் கட்டும்போது என்ன ஆயிற்றோ" என்றார். மற்றொரு சகோதரர் தம் பணப்பையிலிருந்து ஒரு சிறு அட்டையை எடுத்து நீட்டினார். அது அவருடைய தாயாரின் வாக்காளர் அடையாள அட்டை. எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அந்தத் தாய்க்கு அந்த அட்டையில் உள்ளதைத் தவிர வேறு படமே கிடையாது. மரித்தபோது அதையேதான் பெரிதாக்கி அறிவிப்பில் போட்டார்களாம். வெளிச்சம் கண்ணில் படவும் திடுக்கிட்டுப் பார்க்கிற முகம். "அம்மா இப்படி இருக்கவே மாட்டார்கள்" என்று அவர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். அதற்குப் பின் அதிக காலம் செல்லாமல் பம்பாயில் 1854இலும் சென்னையில் 1856இலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. புகழ்பெற்ற ராஜா தீன் தயாள் 1896இல் பம்பாயில் தம் ஸ்டூடியோவைத் திறந்தார். ஆனால் அங்கெல்லாம் போய் அமர்ந்தவர்கள் சமஸ்தானத்து ராஜாக்களும் துரைமார்களும் செல்வந்தர்களுமே. நம்முடைய பாட்டன்மார் படம் எடுக்கப் போனது வெகு காலம் கழித்து. அதுவும் கல்யாணம், கொழும்புப் பயணம், பம்பாய்க்கு வேலைக்குப் புறப்பாடு என்று ஏதாவது காரணம் நேர்ந்தால்தான். ஊருக்குப் பக்கத்து டவுனில் ஒரு ஸ்டூடியோ இருக்கும். பின்னால் தோட்டமும் தூணும் வரைந்த திரை. பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் காகிதப் பூ. கணவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார், மனைவி நிற்பார். சிரிக்கக் கூடாது, அசையக் கூடாது. சில கடைகளில் கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் கன்னத்திலும் சேலைக் கரையிலும் தூரிகையால் வண்ணம் தொட்டுக் கொடுப்பார்கள்.

இப்படிப்பட்ட பழைய தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிப் பிடித்துக் கணினியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். நாம் வெள்ளையடிக்கும்போது கழற்றிக் குப்பையில் போடுகிறவற்றை ஆராய்ச்சியாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பொறுக்குகிறார்கள் என்பதை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் தகப்பனார் 1960களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தவர். வந்த முதல் வருஷம் ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தார். அதில் அவர் கையில் கடிகாரம் மின்னும். அந்தக் கடிகாரம் அறையில் கூடத் தங்கியிருந்த நண்பருடையது என்று பல வருஷங்களுக்குப் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். ஊரில் ஆச்சி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம்.

இன்னொரு படமும் எங்கள் வீட்டில் உண்டு. 1974இல் தாத்தா மரித்தார். அன்றைக்குச் செய்தி தந்தியில்தான் வரும். தந்தி கைக்குக் கிடைத்து, முதலாளியிடம் முன்பணம் வாங்கி, ரயிலேறி, வண்டி மாறித் தகப்பனார் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்து இரண்டு நாளாகிவிட்டது. வெளியூரில் இருக்கிற மகன் பார்க்க வேண்டுமே என்று, சவப்பெட்டியைச் சுற்றி எல்லாரும் நிற்க ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்கள். அக்காலத்தில் தென்மாவட்டங்களில் இது வழக்கமாக இருந்தது. அறியாதவர்கள் அதைக் கண்டு அருவருக்க வேண்டாம். தகப்பனாருக்குத் தம் தகப்பனுடைய கடைசி முகம் அந்தக் காகிதத்தில்தான் கிடைத்தது. அதைச் சுவரில் மாட்ட என் தாயார் ஒப்பவில்லை. யாரும் எறியவும் விடவில்லை. எங்கள் அத்தைமார், சித்தப்பாமார் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கிற படம் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றே.

மரித்தவர்களின் படத்தை வீட்டில் மாட்டலாமா என்று நம் சபைகளில் சிலர் கேட்பதுண்டு. மாலையும் பொட்டும் ஊதுபத்தியும் சிறு மின்விளக்குமாகப் பிறர் வீடுகளில் பார்த்துப் பழகியதால் எழுகிற தயக்கம் அது. இரட்சிக்கப்பட்ட நாட்களில் எல்லாப் படங்களையும் ஒரேயடியாக இறக்கிவிட்ட குடும்பங்களையும் அறிவேன். அவர்கள் மனச்சாட்சியை நான் குறை கூறவில்லை. ஆயினும் வணங்குவது வேறு, நினைப்பது வேறு அல்லவா? யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நிறுத்தியது, பின்னால் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே. மாலையும் விளக்கும் வேண்டாம். முகம் இருக்கட்டும் என்பதே என் எண்ணம்.

பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள். எங்கள் உறவில் ஒரு வீட்டில் ஒரே ஆச்சியின் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. முதற்படத்தில் தோள்வரை தொங்குகிற காதுகளில் கனத்த பாம்படம். இரண்டாம் படத்தில் வெள்ளைச் சேலை. காது மட்டும் அப்படியே நீண்டு, வெறுமையாய்த் தொங்குகிறது. மும்பையில் பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற கொள்ளுப்பேரன், "இந்தப் பாட்டிக்கு ஏன் காது அறுந்திருக்கிறது?" என்று கேட்டானாம். அறுந்ததல்ல, வளர்த்த காது என்று தொடங்கி, பாம்படத்தை விற்ற கதை, அந்தப் பணத்தில் யார் படித்தார் என்ற கதை, ஆச்சி ஞானஸ்நானம் எடுத்த கதை என்று அன்றிரவு சாப்பாடு ஆறிப்போயிற்று. அந்தப் படங்கள் பெட்டிக்குள் இருந்திருந்தால் அவன் எதைப் பார்த்துக் கேட்டிருப்பான்?

ஆனால் பெட்டியோ சுவரோ, நம் பட்டணங்களில் படங்களுக்குப் பெரிய சத்துரு தண்ணீர்தான். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இங்குள்ள யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஏறக்குறைய அதே அளவு மழை தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் பெய்து, தாமிரபரணிக் கரையூர்கள் மூழ்கின. இங்கே ஒரு பிரதி, ஊரில் ஒரு பிரதி என்று நிம்மதியாயிருந்த குடும்பங்களில் சிலவற்றுக்கு இரண்டும் போயிற்று.

நனைந்த படங்களை அவசரப்பட்டு எறியாதிருங்கள். புகைப்படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்னும் பசையால் ஆனது. ஈரத்தில் அது ஊறி மிருதுவாகும். ஒன்றன்மேல் ஒன்றாக இருந்து காய்ந்தால் ஒட்டிக்கொண்டு பிரியாது. ஆகையால் ஈரமாய் இருக்கும்போதே மெல்லப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த நீரில் சேற்றை அலசி, முகம் மேலே தெரியும்படி நிழலில் உலர்த்துங்கள். முகத்தைத் துடைக்காதீர்கள். வெயிலில் போடாதீர்கள். இரண்டு நாளுக்குள் பூசணம் பிடிக்கத் தொடங்கும். அதற்குள் முடியாவிட்டால் பாலிதீன் உறையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துப் பிறகு பொறுமையாக எடுக்கலாம். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டி முன்னரே காய்ந்துபோன படத்தை உரிக்கவே வேண்டாம். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே அதைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வராவிட்டாலும் கடலோரப் பட்டணத்தின் ஓதம் போதும். மழைக்காலத்தில் வியர்க்கிற வெளிச்சுவரிலும், குளியலறைச் சுவரிலும், அடுப்புப் புகை படுகிற இடத்திலும் படம் மாட்டாதீர்கள். நேர் வெயிலும் ஆகாது. சட்டத்தின் பின்மூலைகளில் சிறு ரப்பர்த் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். கண்ணாடி படத்தைத் தொடாதிருக்கச் சுற்றிலும் ஒரு அட்டை வைக்கச் சொல்லுங்கள். பிரேம் கடைக்காரர் தாமாகச் செய்யமாட்டார், கேட்டு வாங்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் மேலானது, நல்ல பிரதி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு மூலப்படத்தை இருட்டில் உலர்ந்த பெட்டியில் வைப்பது.

ஒழுங்காய்க் கழுவி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் நூறாண்டு தாண்டியும் நிற்கும். ஏனெனில் அதில் இருப்பது வெள்ளி. 1970, 80களின் வண்ணப் படங்களில் இருப்பது சாயம். உங்கள் கல்யாணப் படம் சிவந்துகொண்டே வருகிறதைக் கவனித்திருப்பீர்கள். மற்ற நிறங்களுக்கு முன் நீலப்பச்சைச் சாயம் மங்கிவிடுவதே அதற்குக் காரணம். பசை தடவிய தாளின்மேல் பிளாஸ்டிக் மூடுகிற ஆல்பங்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. அந்தப் பசை படத்தைப் பழுப்பாக்கும். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற மெல்லிய நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே செலுத்தி மெதுவாக எடுங்கள். பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைவிட உங்கள் கல்யாண ஆல்பத்துக்குத்தான் அவசரம் அதிகம்.

ஸ்கேனரில் பதிவதானால் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வையுங்கள்; பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1,200. ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலருகே, பிளாஷ் இல்லாமல், கைபேசியை நேராகப் பிடித்து எடுத்தாலும் ஒன்றுமில்லாததற்கு மேல். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. இங்கே ஒன்று, ஊரில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கட்டும்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவதில்லை என்று சிலர் சொல்வீர்கள். நியாயமே. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாழ்கிறவர்கள் நாம். அலமாரிமேல் சாய்த்து வைக்கிற சிறு சட்டங்கள் இரண்டு போதும். பத்துக்குப் பத்து அறையில் நாற்பது படம் எதற்கு?

பெற்றோர் உயிரோடிருக்கிறவர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவர்களைத் தனித்தனியே ஒரு படம் எடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எடுத்தது போதாது. காலை வெளிச்சத்தில் வாசற்படியருகே, அவர்கள் தினமும் அமர்கிற இடத்திலேயே அமர்த்துங்கள். புதுச் சேலை மாற்றிவரச் சொன்னால் முகமும் மாறிவிடும். "சிரியுங்கள்" என்று சொல்லாமல் அந்த வருஷத்து மழையைப் பற்றி ஏதாவது கேளுங்கள். பேசி முடித்து ஓய்கிற கணத்தில் எடுங்கள். கைகளும் படத்தில் வரட்டும். அதைக் கைபேசியிலேயே விட்டுவிடாமல் அந்த வாரமே அச்சிட்டு வாங்கிவிடுங்கள்.

பின்புறத்தில் பெயரும் ஊரும் வருஷமும் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம், முன்புறம் அழுந்தும். மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதலாம். "அம்மா" என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் பேரனுக்கு அது யாருடைய அம்மா?

இதை நான் காலந்தாழ்த்திக் கற்றேன். தாத்தாவின் சவப்பெட்டியைச் சுற்றி நிற்கிற அந்தப் படத்தில் பதினொருபேர் இருக்கிறார்கள். என் தகப்பனார் 2019இல் காலமானார். அதற்குப் பின்புதான் படத்தைத் திருப்பிப் பென்சிலை எடுத்தேன். பத்துப் பேருடைய பெயரை எழுத முடிந்தது. இடமிருந்து ஐந்தாவதாக, தாத்தாவின் தலைமாட்டில், பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும்விட அதிகமாய் அழுகிற ஒரு மனிதர் நிற்கிறார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. என் தாயாருக்கும் தெரியவில்லை. படத்திலுள்ளவர்களில் இன்று உயிரோடிருப்பவர் கடைசி அத்தை ஒருவரே. எண்பத்தாறு வயது, கண் மங்கிவிட்டது. மே மாதத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அந்த ஒரு முகத்தை மட்டும் ஒரு முழத்துக்குப் பெரிதாக்கக் கடையில் கொடுத்திருக்கிறேன்.