ஊசியிலை மரங்களை இனம் காண்போம்

கோடை விடுமுறையில் சிம்லா, மணாலி சென்று திரும்பும் நம்மவர்களைக் கேட்டால், "வழியெல்லாம் கிறிஸ்துமஸ் மரங்கள்!" என்பார்கள். உண்மையில் அவை வெவ்வேறு இனங்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் ஒரு கொத்தை எடுத்து ஊசிகளை எண்ணத் தெரிந்தால், பாதி மரங்களுக்குப் பெயர் சொல்லிவிடலாம்.

1903-இல் தொடங்கிய கால்கா - சிம்லா ரயிலில் ஏறியதும் முதலில் தென்படுவது 'சீட்' என்னும் பைன். இதன் நீண்ட ஊசிகள் மும்மூன்றாகச் சேர்ந்திருக்கும். இன்னும் உயரே வளரும் 'கைல்' பைனுக்கு ஐந்தைந்து ஊசிகள். சற்றே நீலம் பாய்ந்த நிறம். சிம்லாவை நெருங்கும்போது தேவதாரு வந்துவிடும். இமாசலப் பிரதேசத்தின் மாநில மரம் இது. குட்டை ஊசிகள் நட்சத்திரம்போல் கொத்தாக விரிந்திருக்கும். காய்கள் கிளைமேல் முட்டைகளை நிறுத்தி வைத்தாற்போல் நிமிர்ந்து நிற்கும்.

சிம்லாவைத் தாண்டி நார்கண்டா போனால் ஸ்ப்ரூஸ், ஃபர் இரண்டும் கலந்து நிற்கும். ஸ்ப்ரூஸின் ஊசி நாற்பட்டை, விரலிடையே உருளும். காய்கள் தொங்கும். ஃபரின் ஊசி தட்டையானது, உருளாது. அதன் அடிப்புறத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். காய்கள் நிமிர்ந்து நின்று, மரத்திலேயே உதிர்ந்துவிடும்.

இந்த வெள்ளைக் கோடுகளை நினைவில் வையுங்கள். நாட்டு மருந்துக் கடைகளில் இருமலுக்கு வாங்கும் தாளிசபத்திரி நம் எல்லோருக்கும் தெரியும். இமயத்து ஃபர் மரத்தின் இலைதான் அது. ஆனால் அதே பெயரில் 'யூ' மரத்தின் இலையும் சந்தைக்கு வருவதுண்டு. கட்வாலில் அம்மரத்தைத் 'துனேர்' என்பார்கள். அந்த இலை நஞ்சு. அளவு மிஞ்சினால் இதயத்தையே நிறுத்திவிடும். அதன் அடிப்புறத்தில் வெள்ளைக் கோடு கிடையாது, வெளிர்பச்சைதான். கூம்புக் காயும் இல்லை. விதையைச் சுற்றிச் சிவந்த சதைக் கிண்ணம் ஒன்று இருக்கும்.

விந்தை என்னவென்றால், புற்றுநோய்க்குத் தரப்படும் டாக்ஸால் மருந்துக்கு மூலமும் இந்த யூ இனந்தான். அதற்காகவே இலையையும் பட்டையையும் உரித்தெடுத்ததில், இமயத்து யூ இன்று அழியும் அபாயத்தில் உள்ள மரங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

எனவே அன்பர்களே, மலையேறும்போது குழந்தைகளையும் ஊசிகளை எண்ணச் சொல்லுங்கள். ஆனால் கிளையை ஒடிக்க வேண்டாம். இலையை வாயில் வைக்கவே வேண்டாம். தாளிசபத்திரியை நன்கறிந்த வைத்தியரிடமே வாங்குங்கள்.