கனடாவிலே தாதி என்னும் பெயர்

தாதி என்பது வடசொல். தாங்குபவள், ஊட்டி வளர்ப்பவள் என்பது அதன் பொருள். செவிலி என்பது தமிழ்ச்சொல். அகப்பொருள் நூல்களிலே தலைவியை வளர்த்த தாய் செவிலியாவாள்; அவள் மகளே தோழி என்பது தொல்காப்பியர் கொள்கை. தமிழகத்தார் இக்காலத்து வைத்தியசாலைகளிற் பணிபுரிவோரைச் செவிலியர் என்பர். ஈழத்தவராகிய நாம் தாதியர் என்றே வழங்கிவருகின்றோம். இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வழக்கு ஈண்டு வேண்டா. இரண்டும் செயலால் வந்த பெயர்கள் என்பதே கருதத்தக்கது. ஊட்டியவள் தாதி, வளர்த்தவள் செவிலி. செயல் உள்ளவிடத்துப் பெயர் தானே வந்து பொருந்தும்.

கனடா தேசத்து ஒன்ராறியோ மாகாணத்திலே நிலைமை வேறு. அங்கே 1991ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் ‘நர்ஸ்’ என்னும் சொல்லுக்குக் காவல் இட்டிருக்கின்றது. சட்டப்படி பதிவு பெற்றவரன்றிப் பிறர் அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்ளுதல் குற்றம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பதினைந்து ஆண்டுகள் இரவு பகலாக விடுதிகளில் நின்று பணியாற்றிய ஒருவர், ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கிய அன்றே அப்பெயரை இழக்கின்றார். கைகள் அவைதாம், கற்ற கல்வியும் அதுதான். பெயர்மட்டும் இல்லை. அதனை மீளப் பெறுதற்குச் சிலர்க்கு ஓராண்டு செல்லும். சிலர்க்குப் பல ஆண்டுகள். சிலர் இடைவழியிலே நின்றுவிடுகின்றனர். ரொறன்ரோவிலே நம்மவர் பெருந்தொகையாக வாழ்தலின், இது நமக்கு அயலார் கதையன்று.

இக்காவல் தீயதென்று எடுத்த எடுப்பிலே சொல்லிவிடுதல் நீதியாகாது. தாதியர்க்குப் பதிவேடு வேண்டுமோ என்பது பழைய வழக்கு. இங்கிலாந்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெட்ஃபோர்ட் ஃபென்விக் அம்மையார் பதிவு வேண்டுமென வாதாடினார். வெள்ளுடை தரித்த எவரும் தாதி என்று சொல்லிக்கொள்ளலாமாயின், படுக்கையிற் கிடக்கும் நோயாளி நல்லாரை எங்ஙனம் பிரித்தறிவான் என்பது அவர் கேள்வி. அதனை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமோ? ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே. பரீட்சை நூலறிவை அளக்கும். தாதியின் பண்பை அளக்குமோ என அவர் அஞ்சினார். காலம் ஃபென்விக் பக்கம் சாய்ந்தது. நியூசிலாந்து 1901இல் நாடளாவிய சட்டம் இயற்றிற்று. அடுத்த ஆண்டிலே எலன் டொகேர்ட்டி என்பார் அச்சட்டத்தின்படி முதலாவது பதிவு பெற்ற தாதியானார். இங்கிலாந்து 1919இல் இசைந்தது. கனடாவிலே நோவா ஸ்கோஷியா 1910இல் வழிகாட்ட, 1922க்குள் அக்காலத்து ஒன்பது மாகாணங்களும் பின்தொடர்ந்தன.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டென்பதே நம் துணிபு. அதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கனடா ஒரு நாடு. ஆயின் தாதியர் பதிவு ஒன்றன்று. 1867ஆம் ஆண்டு அரசியற் சட்டம் வைத்தியசாலைகளை மாகாணங்களின் கையில் ஒப்படைத்தது. தொழில்களை ஆளும் அதிகாரமும் அவற்றுக்கே உரியதாயிற்று. ஆதலால் குடிவரவு அநுமதி வழங்குவது ஒட்டாவா அரசு. தொழில் அநுமதி வழங்குவது மாகாணம். ‘உமது தொழிலுக்கு மதிப்பெண் தருகின்றோம், வருக’ என்று ஒரு வாயில் அழைக்கும். உள்ளே நுழைந்தபின் மற்றொரு வாயில், ‘உமது தொழிலை யாம் இன்னும் அறியோம்’ என்னும். வந்தவருள் பலர் மனம் உடைவது இவ்விரு வாயில்களுக்கும் இடையிலேதான்.

ஒன்ராறியோவிலே பதிவேட்டைக் காப்பது ஒன்ராறியோ தாதியர் கல்லூரி, 1963இல் தோன்றியது. கல்லூரி என்றவுடன் வகுப்பறையையும் கரும்பலகையையும் நினைத்தல் கூடாது. அங்கே பாடம் நடைபெறுவதில்லை. பழைய ஆங்கில வழக்கிலே ஒரு தொழிலாரின் கூட்டத்துக்கும் அப்பெயர் உண்டு. கல்லூரியிலே காலங்கழித்த நமக்கு, மாணாக்கர் இல்லாக் கல்லூரி சற்று வியப்பாகத்தான் இருக்கின்றது. தாதியரை ஆளுவது அதுவாயினும் தாதியர்க்காக வாதாடுவது அதன் வேலையன்று. பொதுமக்களைக் காத்தலே அதன் கடமை. இவ்வேறுபாட்டை அறியாதார் அங்கே ஆதரவு தேடிச் சென்று ஏமாறுவர்.

அங்கே தாதியருள் இரு பெரும் பிரிவு உண்டு. ஒன்று பதிவுபெற்ற தாதியர். மற்றொன்று பதிவுபெற்ற நடைமுறைத் தாதியர். பின்னையவரைப் பிற மாகாணங்கள் அநுமதிபெற்ற நடைமுறைத் தாதியர் என்னும். முன்னையவர்க்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2005 தொடக்கம் வந்த விதி. நம் நாட்டிலோ அரசினர் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்றாண்டு டிப்ளோமாப் பயிற்சியே நெடுங்காலமாக நிலவிவந்த பொதுவழி. திறந்த பல்கலைக்கழகம் தாதியர்க்குப் பட்டநெறி தொடங்கியது 1990களிலேதான். எனவே நம் தாதியர் பலரது சான்றிதழ் அங்கே தராசில் ஏறியபொழுது தட்டு மேலெழுந்தது. வேடிக்கை யாதெனில், அதே கனடாவில் கியூபெக் மாகாணம் கல்லூரி டிப்ளோமாப் பெற்றவரை இன்றும் பதிவுபெற்ற தாதியராக ஏற்றுக்கொள்கின்றது. ஆற்றுக்கு இப்பால் பட்டம் வேண்டும், அப்பால் வேண்டா. நோய் இருகரையிலும் ஒன்றே.

பத்திரங்களைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். விண்ணப்பதாரி தம் கையால் கொடுக்கும் சான்றிதழ் போதாது. பயின்ற கல்லூரி நேரே அனுப்பவேண்டும்; பதிவு செய்த தாதியர் சபை நேரே அனுப்பவேண்டும்; பணிசெய்த வைத்தியசாலை நேரே அனுப்பவேண்டும். பாடநெறியின் விரிவும், ஒவ்வொரு துறையிலும் விடுதியில் நின்று பயின்ற மணித்தியாலங்களும் கேட்கப்படும். குழந்தை மருத்துவத்தில் எத்தனை மணித்தியாலம், உளமருத்துவத்தில் எத்தனை என்று காட்டவேண்டும். கியூபெக் நீங்கலாகப் பல மாகாணங்களுக்கும் பொதுவாக இப்பத்திரங்களை ஆராயவென 2014இல் தேசியத் தாதிய மதிப்பீட்டுச் சேவை என ஒரு நிலையம் ஏற்பட்டது. ஓரிடத்தில் முடியும் என்பது நோக்கம். நடந்ததோ, முதலில் அந்நிலையத்திற் காத்திருப்பு, பின்னர் மாகாணக் கல்லூரியிற் காத்திருப்பு என இரண்டாயிற்று எனப் பலர் முறையிட்டனர்.

பரீட்சையும் உண்டு. 2015 முதல் பதிவுபெற்ற தாதியர்க்கு என்.சி.எல்.ஈ.எக்ஸ். என்னும் அமெரிக்கப் பரீட்சையே கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் நடைபெறுகின்றது. கணினி வினவும், சரியாக விடை சொன்னால் அடுத்த வினா கடினமாகும், தவறினால் எளிதாகும். இவர் தேறுவார், அல்லது தேறார் என்று கணினிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி பிறந்தவுடன் பரீட்சை நின்றுவிடும். 2023 முதல் குறைந்தது 85 வினா, கூடியது 150. நேரம் ஐந்து மணித்தியாலம். நான்கு நோயாளர் அழைக்கின்றனர், முதலில் எவரிடம் செல்வீர் என்பது போன்ற வினாக்கள் மிகுதி. மனனம் செய்து ஒப்பிக்கும் நம்மவர் பழக்கம் அங்கே பயன்படாது. இப்பரீட்சை புகுந்த முதலாண்டிலே கனடாவிற் பயின்றவருள்ளும் பத்துக்கு மூவரளவில் முதன்முறை தேறவில்லை என்பதை, தேறாது வருந்தும் நம் பெண்கள் அறிந்துகொள்வது நன்று.

இவையெல்லாம் கடினம், ஆயினும் கடினம் வேறு, அநீதி வேறு. அநீதி எங்கே நுழைகின்றது என்பதை ஒரு கடிதம் எமக்கு உணர்த்திற்று. எம்மிடம் தமிழ் பயின்று பின்னர்த் தாதியான மாணவி ஒருவர், கனடாவின் ஒரு மாகாணத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் எழுதினார். மாகாணத்தின் பெயர் ஈண்டு வேண்டா. ‘ஐயா, பத்திரங்கள் போய்ச் சேர்வதற்கே ஒன்றரை ஆண்டு சென்றது. முதியோர் இல்லமொன்றில் உதவியாளராக இருக்கின்றேன். குளிப்பாட்டுவேன், உணவூட்டுவேன், உடை மாற்றுவேன். சென்ற கிழமை ஒரு பாட்டியின் மூச்சு மாறுவதைக் கண்டேன். இதயம் தளர்கின்றது என்று அறிந்தேன். அறிந்ததைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. பொறுப்பான தாதியை ஓடிச்சென்று அழைத்துவந்தேன். நாடிபிடித்த கை மறந்துவிடுமோ என்று பயமாயிருக்கின்றது’ என்பது அக்கடிதத்தின் ஒரு பகுதி.

அவர் பயந்தது வீண்பயமன்று. அண்மைக் காலத்திலே தொழில் செய்திருத்தல் வேண்டும் என்பது பதிவுக்குரிய விதிகளுள் ஒன்று. ஒன்ராறியோவிலே அது மூன்றாண்டு என வகுக்கப்பட்டது. விதி தன்னளவில் நியாயமானதே. பத்தாண்டு ஊசி தொடாத கையிடம் எவர் தம் உடம்பைக் கொடுப்பர்? ஆனாற் பத்திரம் ஆராய்வதில் இரண்டாண்டு கழித்துவிட்டு, ‘அம்மையீர், நீர் தொழில் செய்து நெடுங்காலமாயிற்றே’ என்றால் அதனை என்னென்பது? தொழில் செய்யாதே எனத் தடுப்பதும் பதிவேடு. செய்யவில்லையே எனக் குறைகூறுவதும் அதே பதிவேடு. நைட்டிங்கேல் அம்மையார் ஏடு பண்பை அளக்காது என்றே அஞ்சினார். அளந்துகொண்டிருக்கும்பொழுதே அளக்கப்படும் திறமை தேய்ந்துபோகும் என்பதை அவர்கூட எண்ணியிரார்.

இதனை அந்நாட்டார் உணராமல் இல்லை. அயல்நாட்டிற் பயின்ற தாதியர்க்குத் துணைசெய்ய ரொறன்ரோவிலே 2001இல் கெயார் நிலையம் தோன்றிற்று. 2006இல் ஒன்ராறியோ, தொழிற்பதிவு ஒளிவுமறைவின்றியும் நடுநிலையாகவும் நடைபெற வேண்டும் எனச் சட்டம் இயற்றி, மேற்பார்வைக்கு ஓர் ஆணையாளர் பதவியையும் வகுத்தது. எனினும் கதவு அகலத் திறந்தது பெருந்தொற்றுக்குப் பின்னரே. தாதியரின்றி விடுதிகள் தவித்தபொழுதுதான் வாசலில் நின்றவர் முகம் தெரிந்தது போலும்! 2022 தொடக்கத்தில், விண்ணப்பதாரரை வைத்தியசாலைகளில் மேற்பார்வையின் கீழ் பணிசெய்வித்து, அண்மைத் தொழில் அநுபவத்தையும் மொழித்தேர்ச்சியையும் அங்கேயே காட்டச்செய்யும் திட்டத்தை ஒன்ராறியோ தாதியர் கல்லூரி அரசினரோடு சேர்ந்து தொடங்கியது. மேற்கூறிய முடிச்சை அவிழ்க்கும் மருந்து இதுவே. இருபதாண்டு முன்னரே கொடுத்திருக்கலாம். 2023இல் நோவா ஸ்கோஷியா, பிலிப்பைன்ஸ், இந்தியா, நைஜீரியா முதலிய ஏழு நாடுகளின் தாதியர்க்கு விரைவு வழி வகுத்தது. அவ்வேழில் இலங்கை இல்லை. 2025 ஏப்ரலில் ஒன்ராறியோ, அயல்நாட்டுப் பாடநெறியைக் கனடியப் பாடநெறியோடு வரிக்குவரி ஒப்புநோக்கும் முறையைக் கைவிட்டு, அவ்வந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற தாதியக் கல்வியை ஏற்கும் வழிக்குத் திரும்பியது.

விதிகள் இங்ஙனம் ஆண்டுக்காண்டு மாறுதலின், புறப்பட எண்ணுவோர் ஊராரின் பழைய கதையைக் கேட்டு முடிவு செய்யாது, செல்லும் மாகாணத்தின் அன்றைய விதியை நேரே பார்த்தல் வேண்டும். ஒரு மாகாணத்துக்கு ஏற்றது மற்றொன்றுக்கு ஏலாதிருத்தலும் கூடும். விமானச்சீட்டு வாங்குமுன் பத்திரங்களைத் தேடுக. பெயரிலே ஓர் எழுத்து மாறியிருப்பினும், திருமணத்தின்பின் பெயர் வேறாயினும், ஊரில் இருக்கும்பொழுதே திருத்துக. பணிசெய்த விடுதி, காலம், மணித்தியாலம் என்பவற்றை எழுத்தில் வாங்கிவைக்க.

பிறநாட்டாரைக் குறைகூறிய நாம் நம் பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஒன்றரை ஆண்டு என அம்மாணவி எழுதினாரே, அதிற் பெரும்பகுதி கடலுக்கு அப்பால் கழிந்ததன்று. ஈண்டுள்ள ஓர் அலுவலகத்திலே, மேசை மாறி மேசையாக, கையொப்பத்துக்குக் காத்துக் கிடந்தது அப்பத்திரம். போரில் இடம்பெயர்ந்த நிலையங்களிலே ஏடுகள் சிதைந்திருத்தல் கூடும். அதற்கு எவரையும் நோதல் முறையன்று. சிதையாத ஏட்டைப் பார்த்துப் படியெடுத்து முத்திரையிட்டு அனுப்புதற்கு எத்தனை நாள் வேண்டும்? கனடாவிலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கின்றது. மூன்றாண்டில் ஒவ்வொரு மாதமாகக் கழிகின்றது. அங்கிருந்து தொலைபேசியில் அழைத்து, ‘அந்தக் கடிதம் போய்விட்டதோ’ எனக் கேட்பவர்க்கு, ‘இன்னும் இல்லை, அடுத்த கிழமை வாருங்கள்’ என்று விடை சொல்லும் வழக்கம் நம் அலுவலகங்களில் இன்றும் இருக்கின்றது.