தண்ணி விழுதா?

ஜூன் முதல் வாரம் வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. சென்னையிலிருந்து அக்கா மகன், மதுரையிலிருந்து கூடப் படித்தவர்கள், வருடம் முழுக்கப் பேச்சுமூச்சில்லாத தூரத்து உறவு என்று வரிசையாக அழைப்புகள். எல்லோருக்கும் கேட்க ஒரே கேள்விதான்: “தண்ணி விழுதா?” குற்றாலத்துக்குப் பக்கத்தில், செங்கோட்டையில் குடியிருக்கிறேன். விழுகிறது என்று சொன்னால் சனிக்கிழமை விடியற்காலையில் வாசலில் வேன் நிற்கும். வீடு நிறைந்துவிடும். அந்த நாட்களை நான் மிகவும் விரும்புகிறேன். ஆனால் ஆவணி பாதி கடந்ததும் அழைப்புகள் நின்றுவிடும். அதற்குப் பிறகு இந்த ஊரில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் சொல்ல ஆசைப்படுவதெல்லாம் அதைத்தான்.

முதலில் சாரலைச் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவமழை கேரளத்துச் சரிவிலேயே தன் சுமையை இறக்கிவிட்டு, வெறும் காற்றாக இந்தப் பக்கம் இறங்குவதுதான் வழக்கம். மலைக்குக் கிழக்கே பெரும்பகுதி அதனால்தான் மழைமறைவு நிலம். எங்களுக்கு மேற்கே மட்டும் மலை கொஞ்சம் தணிந்து ஆரியங்காவுக் கணவாயாக வழிவிடுகிறது. அந்த வழியாக மேகம் வழிந்து வந்து செங்கோட்டை, இலஞ்சி, குற்றாலம், தென்காசி வரைக்கும் தூவிவிட்டுப் போகும். தென்காசியிலிருந்து பஸ் ஏறி பாவூர்சத்திரம் தாண்டிவிட்டால் சாரல் இல்லை, காற்றுதான். ஆலங்குளம் பக்கம் போனால் அதே காற்றில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே நாளில், ஒரே சாலையில், குடையோடு புறப்பட்டவர் கண்ணில் புழுதி விழுந்து கசக்கிக்கொண்டு இறங்குவார்.

சாரலுக்குக் குடை உதவாது. அது மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. சல்லடையில் மாவு சலித்த மாதிரி முகத்தில் படியும். விருந்தாளிக்கு அது இரண்டு நாள் சுகம். வீட்டுக்காரருக்கு மூன்று மாதம். துவைத்துப் போட்ட துணி நான்கு நாளானாலும் ஈரவாடை விடாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். தீப்பெட்டி நமத்துப் போகும். மரக்கதவு ஊதிக்கொண்டு நிலையோடு பிடித்துக்கொள்ளும். புரட்டாசி வரைக்கும் தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். பீரோவில் இருக்கும் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கும். எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் நிறையப் பேர். சுற்றி வைத்த பீடி நமத்துவிடக் கூடாதே என்று தட்டை அடுப்படிக்கும் கூடத்துக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். அருவியில் ஆரவாரமாகக் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தத் தட்டு கண்ணில் படாது.

மலையடிவாரத்தில் குடியேறி முதல் வாரத்தில் நான் கவனித்தது வேறொன்று. இங்கே சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறது. சூரியன் கடலிலோ அடிவானத்திலோ இறங்கும் ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்களுக்கு மேற்கு முழுவதும் மலை. வானத்தில் வெளிச்சம் இன்னும் பாக்கி இருக்கும்போதே வெயில் தெருவை விட்டு எழுந்து போய்விடும். மலையின் நிழல் வயல்மேல் நடந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் தென்னந்தோப்பு, பிறகு குளத்தங்கரை, பிறகு நம் வீட்டுத் திண்ணை. கிழக்கே தூரத்து வயலில் அப்போதும் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காலையில் இது தலைகீழ். ஊர் விழிப்பதற்கு முன்பே மலை முகட்டில் வெயில் விழுந்துவிடும். கதவைத் திறந்ததும் மேற்கே பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். மலை தெளிவாகத் தெரிந்தால் வற்றல் காயப்போடலாம். முகட்டை மேகம் மூடியிருந்தால் கூடாது. பக்கத்து வீட்டு ஆச்சி வானிலை அறிக்கை கேட்டு நான் பார்த்ததில்லை.

மலைக்கு அந்தப் பக்கமும் எங்களுக்கு அந்நியமில்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்ததுதான். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே பிரானூரில் எல்லை இருந்தது. எல்லை மேற்கே புளியரைக்கு நகர்ந்து எழுபது வருடம் ஆகப்போகிறது. பிரானூருக்கு ‘பார்டர்’ என்ற பெயர் மட்டும் போகவில்லை. வெளியூர்க்காரர்கள் தேடி வந்து சாப்பிடும் பார்டர் பரோட்டாவின் பெயர்க் கதை இதுதான்.

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையில் மலையைக் குடைந்து போட்ட மீட்டர்கேஜ் பாதையில் 1904இல் ரயில் ஓடத் தொடங்கியது. அகலப்பாதையாக்க 2010இல் அதை நிறுத்தினார்கள். திரும்ப முழுமையாக ஓடியது 2018இல்தான். நடுவில் அந்த எட்டு வருடமும் ஊருக்கு ஒரு காது அடைத்த மாதிரி இருந்தது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழையும்போது இந்தப் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். குகை முடிந்து ஆரியங்காவில் வெளியே வந்தால் ஜன்னலில் மழை அடிக்கும். முதல் முறை பார்க்கிற குழந்தை கட்டாயம் கத்தும். பெரியவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார்கள்.

சீசன் முடிந்துவிட்டது என்று கடைக்காரர்கள் தட்டியைக் கழற்றிய பிறகு வருவதுதான் எங்கள் உண்மையான மழை. ஐப்பசி, கார்த்திகை. சாரல் காட்டுவது மலையின் விளையாட்டு முகம். வடகிழக்குப் பருவமழையில் வேறு முகம். குற்றாலத்துப் பேரருவி வெள்ளையாக இருக்காது, செம்மண் நிறத்தில் பாறையை விட்டு விலகிப் பாய்ந்து விழும். உச்சியிலிருந்து வரும் தண்ணீர் நேராகத் தலையில் விழாமல் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்த பிறகே கீழே வருகிறது. சீசனில் நாம் நின்று குளிக்க முடிவது அதனால்தான். பெருமழையில் அந்தப் பள்ளத்துக்கும் அடங்காது. ராத்திரியில் ஊரே உறங்கும்போது மலைப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் விட்டுவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். 2024 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன்.

அதே வருடம் மே 17 அன்று நடந்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. சீசன் தொடங்கவே இல்லை. பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். கீழே தூறல்கூட இல்லாமல் மேலே காட்டுக்குள் கொட்டித் தீர்க்கலாம். அந்தத் தண்ணீர் இறங்கி வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு நீச்சலுக்கு முன்பே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, மண்வாடை அடித்தாலோ சோப்பைக்கூட எடுக்காமல் கரையேறிவிட வேண்டும். விருந்தாளிகளை அருவிக்கு அனுப்பும்போது துண்டு, எண்ணெயோடு இதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டாலும் பரவாயில்லை, கேட்டால் போதும்.

மலையிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்குவதில்லை. குரங்கு இறங்குகிறது, பன்றி இறங்குகிறது, மயில் விதைத்த நெல்லைக் கொத்துகிறது. இவற்றையெல்லாம் ஒரு மாதிரி சமாளித்துவிடுகிறோம். யானை வேறு சங்கதி. மேக்கரை, வடகரைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தை மாதத்திலிருந்து ராத்திரி என்பது உறங்கும் நேரம் இல்லை.

அங்கே தோப்பு வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரோடு ஒரு ராத்திரி காவலுக்கு இருந்தேன். மோட்டார் ரூம் மொட்டைமாடியில் இரண்டு கயிற்றுக் கட்டில், ஒரு பெரிய டார்ச், ஒரு பை நிறைய வெடி. பதினோரு மணிவரைக்கும் தவளைச் சத்தம்தான். பிறகு வாழைத்தோட்டத்துப் பக்கமிருந்து, ஈரத்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். “வாழை மட்டைய உரிக்கு” என்றார் மெதுவாக. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருட்டுக்குள் அதைவிடக் கறுப்பாக ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் தென்னை ஒன்று முறியாமல், வேரோடு மெல்லச் சாய்ந்தது. அது தரையில் விழுந்த அதிர்வு கட்டில் கால் வழியாக முதுகுக்கு வந்தது. அவர் வெடியைக் கையில் எடுத்தார். பற்றவைக்கவில்லை. போன் போட்டுச் சொன்னதில் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களும் சத்தம் போட்டு விளக்கடிக்க, இரண்டு மணி வாக்கில் யானைகள் மேற்கே திரும்பின.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். நான்கு தென்னை, வரிசையாக வாழை. சாய்ந்த தென்னையில் குருத்தை மட்டும் பிளந்து தின்றிருந்தன. பதினெட்டு வருட மரம், அவருடைய மூத்த மகள் பிறந்த வருடம் வைத்தது. அவர் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் குனிந்தார். பெரிய தடங்களுக்கு நடுவே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சின்னத் தடம் இருந்தது. “குட்டி வந்திருக்கு” என்றார். “பால்குடி மறக்காத குட்டி. நல்லவேளை, வெடி போடல.” இழப்பீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். தொகை வந்தது, தாமதமாக, மரத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட நிற்காமல். அந்த அண்ணாச்சிக்கு நியாயமான விலையை உடனே கொடுப்பதுதான் யானைக்கும் செய்கிற உதவி என்று நான் நினைக்கிறேன். அவர் பொறுமை தீர்ந்த ராத்திரியில் அந்தக் குட்டிக்குப் பாதுகாப்பு இல்லை.

சாலையின் குறையையும் சொல்ல வேண்டும். கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊரை ஒட்டிப் போகிறது. காய்கறியும் வைக்கோலும் போவது பழைய வழக்கம். இப்போது ராவெல்லாம் கல்லும் மணலும் ஏற்றிய கனரக லாரிகள் புளியரை வளைவில் உறுமிக்கொண்டு ஏறுகின்றன. ரோட்டோரத்து வீடுகளில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. நம் பக்கத்துக் குன்றுகளை உடைத்து எடுத்து மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு, அந்தச் சத்தத்தைவிட அதிகம் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இன்னொன்று என்னைக் கோபப்படுத்துகிறது. அருவி விழுகிற ஊர் என்பதால் சொந்தமாக அருவி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டவர்கள் கிளம்பினார்கள். மலையிலிருந்து வரும் ஓடையைத் திருப்பி, தங்கும் விடுதிக்குள் செயற்கை அருவியாக விழவைத்துக் காசு பார்த்தார்கள். 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதில் தலையிட்டு நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அப்படித் திருப்பிய ஓடைக்குக் கீழே ஒரு குளம் இருக்கும், குளத்துக்குக் கீழே வயல் இருக்கும். குண்டாறு அணை எவ்வளவு சிறியது! முழு நீர்மட்டமே 36 அடிதான். சாரல் தொடங்கியதும் இந்தப் பக்கத்தில் முதலில் நிரம்புவது அது. நிரம்பிவிட்டது என்ற சேதி கேட்டதும் கார் பருவ நடவுக்கு நாற்றைப் பார்க்கப் போகிறவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். ஓடையை மறிப்பவர்கள் அவர்களைத்தான் மறிக்கிறார்கள்.

மாசி, பங்குனியில் ஊர் வேறு நிறத்துக்கு வந்துவிடும். மலை பழுப்பாகி, பாறைகள் எலும்பு மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். சில ராத்திரிகளில் சரிவில் நெருப்பு ஒரு கோடாக ஏறுவது தெரியும். பார்ப்பதற்கு அழகு என்று சொல்ல நாக்கு வராது. மறுநாள் மொட்டைமாடியில் கருகின புல் துகள் கிடக்கும். கீழே இருந்து பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர எங்களால் ஒன்றும் ஆகாது. மேலே பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்து அணைக்கிறவர்கள் தினக்கூலிக்குப் போகும் ஊர்ப் பையன்கள்.

அந்தக் காடு போனால் என்ன போகும் என்பதை அருவியே சொல்கிறது. மேலே மழை விட்டு ஒரு வாரம் ஆன பிறகும் தண்ணீர் விழுகிறதே, அது எங்கே இருந்தது? சோலைக்காட்டின் சருகுக்கடியில், வேருக்கடியில், பாறை இடுக்கில். பெய்ததைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது காடு. மொட்டை மலையாக இருந்தால் பெய்த அன்றே வெள்ளமாக வந்து, மறுநாள் பாறை காய்ந்திருக்கும்.

தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. 1954இல் மறையும்வரை குற்றாலத்தில்தான் வாழ்ந்தார். அவரைத் தேடி எழுத்தாளர்கள் வந்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம், எந்த மாதம் வந்தார்கள் என்று யோசிப்பேன். சித்திரையில் யாராவது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன சித்திரையில் ஒரு நாள் காலை பேரருவிக்குப் போனேன். கடைகள் பாதிக்குமேல் சாத்தியிருந்தன. கோயில் நடை மட்டும் திறந்திருந்தது. சீசனில் தண்ணீர்த் திரைக்குப் பின்னால் மறைந்துகிடக்கும் பாறை முழுசாகத் தெரிந்தது, அதில் செதுக்கிய சிறிய சிறிய லிங்கங்களோடு. நடுவில் ஒரே ஒரு இடத்தில் நூல் கட்டின மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே பெரியவர் ஒருவர், இடுப்பில் துண்டோடு, அலுமினியப் போணியைப் பிடித்தபடி நின்றார். எந்த ஊர் என்று கேட்டேன். “இந்த ஊர்தான், கீழத்தெரு” என்றார். தினமும் வருவாராம். “சீசன்ல நமக்கு நிக்க எடம் ஏது? அவுக வரட்டும், குளிக்கட்டும். நமக்கு இப்பந்தான்.”

போணி நிறையும்வரை காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். மலைக்குள் கார்த்திகையிலிருந்து தங்கியிருந்த தண்ணீர். நிறைந்ததும் எட்டி, கைக்கு எட்டிய லிங்கத்தின்மேல் முதல் போணியை ஊற்றினார். அடுத்ததைத் தன் தலையில் ஊற்றிக்கொள்வதற்காகத் திரும்பவும் ஏந்தினார்.